'காசு இல்லை' என்பதை எழுத்தில் தாருங்கள்: பினாங்கு சட்டமன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு பினாங்கு மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்கள் நாற்பது பேருக்கும்,

"டுயிட் தாக் டாக், ஆன்ட்டி."

காசு இல்லை என்று மலாயில் சொன்னாள். போன மாதம் ஓர் அரசுத் துறையின் முகப்பில் எனக்குக் கிடைத்த பதில் இது. சொன்ன பெண்ணுக்கு என் மகள் வயதுகூட இருக்காது. நல்ல பிள்ளை, எழுந்து நின்றுதான் சொன்னாள். எங்கள் தமிழ்ப்பள்ளியின் கழிவறையைச் சீர்செய்ய ஜனவரியில் மனு போட்டிருந்தோம். அது எந்த மேசையில் இருக்கிறது என்று கேட்கப் போயிருந்தேன். பட்ஜெட் பற்றாக்குறையில் இருக்கிறது, சேமிப்பைத் தொட்டுத்தான் செலவு நடக்கிறது, உங்கள் மனுவை அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று மேலே சொல்லிவிட்டார்களாம். அதை எழுத்தில் தர முடியுமா என்றேன். எழுத்தில் ஒன்றும் வரவில்லை என்றாள்.

நான் 31 ஆண்டுகள் அரசாங்க அலுவலகம் ஒன்றின் கணக்குப் பிரிவில் கிராணியாக, அதாவது எழுத்தராக இருந்தவள். ஓய்வு பெற்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இப்போது பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில் ஒரு தமிழ்ப்பள்ளி வாரியத்தின் பொருளாளர். சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் உண்டு. 'காசு இல்லை' என்ற சொல்லை முகப்பின் உள்பக்கமிருந்து நானே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அதனால் அதற்கு எத்தனை அர்த்தம் உண்டு என்று எனக்குத் தெரியும். வோட்டில், அதாவது பட்ஜெட்டில் அந்தத் துறைக்கு ஒதுக்கிய தலைப்பில், பணம் தீர்ந்துவிட்டது என்றும் அர்த்தம். வோட்டில் இருக்கிறது, ஆனால் செலவு செய்யலாம் என்று நிதி அலுவலகம் தரும் வாரான் இன்னும் இறங்கவில்லை என்றும் அர்த்தம். வாரான் இறங்கிவிட்டது, கையெழுத்துப் போட வேண்டியவர் குர்சுஸ் (பயிற்சி வகுப்பு) போயிருக்கிறார் என்றும் அர்த்தம். பணம் இருக்கிறது, ஆனால் உனக்கில்லை என்பதற்கும் அதே சொல்தான். கடைசியாக, நிஜமாகவே பணம் இல்லை என்ற அர்த்தமும் உண்டு. 31 ஆண்டுகளில் அந்தக் கடைசி அர்த்தத்தை நான் ஒருமுறைகூடச் சந்தித்ததில்லை.

எங்களுக்குச் சொல்லப்பட்டது இதில் எது என்று கேட்கத்தான் இந்த மடல். முகப்பில் இருக்கும் பிள்ளையிடம் கேட்டுப் பயனில்லை. மாநிலத்தின் ஒவ்வொரு வெள்ளிக்கும், அதாவது ஒவ்வொரு ரிங்கிட்டுக்கும், ஒப்புதல் தருவது நீங்கள். நவம்பரில் வரவு செலவு மசோதாவுக்குக் கை தூக்குவதும் நீங்கள்தான்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். இரண்டாம் ஆண்டு வகுப்பில் மின்விசிறிச் சுவிட்சைத் தட்டினால் தீப்பொறி பறந்தது. பழைய கம்பிகள். முழுவதும் மாற்ற 38,000 வெள்ளி ஆகும் என்று விலைக் குறிப்பு வாங்கி மனு போட்டோம். மார்ச்சில் ஒப்புதல் கடிதம் வந்தது. ஏப்ரலில் பள்ளி மண்டபத்தில் விழா, மாலை, பொன்னாடை. கதவு அகலத்துக்கு ஒரு மாதிரிக் காசோலையைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் சிரித்தோம், நாளிதழில் படம் வந்தது. அந்த அட்டை இன்னும் பள்ளிச் சரக்கறையில் இருக்கிறது. ஒரு மழைக்காலத்தில் சன்னல் கண்ணாடி உடைந்தபோது அதை வைத்துத்தான் அடைத்தோம். ஆகவே அதனால் பயனே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

கடிதத்தை நம்பி, பள்ளி விடுமுறையில் வேலையை முடித்துவிட்டோம். பிள்ளைகள் வகுப்பில் இருக்கும்போது சுவரை உடைக்க முடியாதல்லவா? ஆகஸ்டு வரை மின் குத்தகைக்காரர் பொறுத்தார். அப்புறம் காலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை என்று போன் வர ஆரம்பித்தது. அவர் பக்கமும் தப்பில்லை, கம்பி வாங்கிய கடைக்கு அவர் பதில் சொல்ல வேண்டும். வாரியத்தில் நான்கு பேர் சேர்ந்து கைக்காசு போட்டோம். என் பங்குக்கு இரண்டு வளையலை அடகுக் கடையில் வைத்து 6,000 வெள்ளி எடுத்தேன். மாதம் 2 விழுக்காடு வட்டி. நான்கு மாதத்துக்கு 480 வெள்ளி. டிசம்பர் 22ஆம் தேதி பணம் பள்ளிக் கணக்கில் ஏறியது. கூடவே ஒரு கடிதம்: டிசம்பர் 31க்குள் செலவு செய்து ரசீதுகளைச் சமர்ப்பிக்காவிட்டால் தொகையைத் திருப்பித் தர வேண்டும்.

ஒன்பது நாள். அதில் கிறிஸ்துமஸ் ஒரு நாள், சனி ஞாயிறு வேறு. நாங்கள்தான் ஏற்கெனவே செலவு செய்துவிட்டோமே, ரசீது செப்டம்பரிலேயே இருக்கிறதே என்று நிம்மதியாகப் போனேன். மானியம் வருவதற்கு முன் தேதியிட்ட ரசீது செல்லாது என்றார்கள். தேதியை மாற்றி வேறொன்று எழுதி வாங்கி வாருங்கள் என்று ஒருவர் காதோடு சொன்னார். உதவி செய்வதாக நினைத்துத்தான் சொன்னார். 31 ஆண்டு கணக்கெழுதிய கை அதற்கு வரவில்லை. மூன்று தடவை அலைந்து, விளக்கக் கடிதம் எழுதி, தலைமையாசிரியரையும் கையெழுத்துப் போட வைத்து ஒருவழியாக முடிந்தது. 480 வெள்ளியைப் பற்றி நான் யாரிடமும் கேட்கவில்லை. ஆனால் மார்ச்சில் ஒப்புதலான பணம் டிசம்பர் வரை எங்கேயோ ஒரு கணக்கில் இருந்திருக்கிறது. அந்தப் பணத்துக்கு வட்டி வந்திருந்தால் அது யாருக்குப் போனது என்ற கேள்வி மட்டும் இன்னும் மனதில் நிற்கிறது.

அந்த டிசம்பர் அவசரம் எனக்குப் புதிதல்ல. உள்ளே இருந்தபோது நானும் அதைச் செய்தவள். நிதியாண்டு டிசம்பர் 31இல் முடிகிறது. செலவாகாத வோட்டுப் பணம் அன்றோடு காலாவதி. மீதம் வைத்தால் 'இவ்வளவு தேவைப்படவில்லை போலிருக்கிறதே' என்று அடுத்த ஆண்டு வெட்டிவிடுவார்கள். இந்த ஆண்டு பில்லை அடுத்த ஆண்டுப் பணத்தில் கட்டப் போனால் 'ஏபி 58' என்ற கருவூல விதிப்படி தனி விளக்கம் எழுத வேண்டும். தலைவலி. ஆகவே நவம்பர் கடைசியில் எங்கள் அலுவலகத்தில் பிரிண்டர் மை வாங்குவோம். ஒரு தடவை மூன்று ஆண்டுக்குப் போதுமான மை வாங்கினோம். பிரிண்டர் இரண்டே ஆண்டில் செத்துப் போனது. மீதி மை அலமாரியிலேயே காய்ந்தது. அதே அலுவலகத்தில் பிப்ரவரியில் தபால் தலை வாங்கப் பஞ்சார் பணம் (சில்லறைச் செலவுக்கு வைத்திருக்கும் பணம்) இல்லாமல் நான் கைக்காசு போட்டிருக்கிறேன். ஒரே ஆண்டில் இரண்டும் நடந்தது. மொத்தத் தொகையில் குறையே இல்லை. பணம் எந்த மாதம் வரும், எந்த மாதம் போகும் என்று யாரும் முன்கூட்டி உட்கார்ந்து பார்க்காததுதான் கோளாறு.

கடைக்காரர் பில் வந்தால் 14 நாளுக்குள் கட்ட வேண்டும் என்று கருவூல விதி இருக்கிறது. எங்கள் அலுவலகச் சுவரில் அதைச் சிவப்பு எழுத்தில் ஒட்டி வைத்திருந்தோம். பள்ளிக்கோ கோயிலுக்கோ சங்கத்துக்கோ ஒப்புதலான மானியத்துக்கு அப்படி ஒரு நாள் கணக்கை எந்தச் சுவரிலும் நான் பார்த்ததில்லை.

சரி, மாநிலத்தின் சேமிப்புக்கு வருகிறேன். நான் சொல்லப் போவது உங்களுக்குத் தெரிந்ததுதான். எங்கள் பள்ளிப் பெற்றோரும் இதைப் படிப்பார்கள் என்பதால் எழுதுகிறேன்.

பாயான் லெப்பாஸில் 1972இல் தொடங்கிய தடையற்ற வணிக மண்டலம் இன்று எவ்வளவு பெரிதாகிவிட்டது என்று நமக்குத் தெரியும். எங்கள் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோரில் பாதிப் பேர் அங்கும் பிறையிலும் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்கள். அந்தத் தொழிற்சாலைகள் கட்டும் நிறுவன வரி, அவர்கள் சம்பளத்தில் பிடிக்கும் வருமான வரி, சுங்க வரி எல்லாம் மத்திய அரசு இருக்கும் புத்ராஜெயாவுக்குப் போகிறது. மாநிலத்துக்கென்று அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணை விட்டு வைத்திருப்பது நிலம், சுரங்கம், காடு, கேளிக்கை வரி, சில உரிமக் கட்டணங்கள். மத்திய அரசு தலைக்கு இவ்வளவு, சாலைக்கு இவ்வளவு என்று தரும் மானியமும் உண்டு. காடும் சுரங்கமும் நமக்கு எங்கே இருக்கிறது? பெர்லிசுக்கு அடுத்துப் பரப்பளவில் நாட்டிலேயே சிறிய மாநிலம் இது. நமக்கு நிலம் ஒன்றுதான்.

நிலத்தில் வரும் காசும் ஒரே மாதிரியானதல்ல. ஆண்டுதோறும் வரும் நிலவரி, அடுக்குமாடி வீட்டுக்காரர்கள் கட்டும் பார்சல் வரி ஆகியவை மாதச் சம்பளம் மாதிரி. விவசாய நிலத்தை வீட்டு நிலமாக மாற்றும்போது வாங்கும் பிரிமியம், அரசு நிலத்தை விற்றால் வரும் தொகை ஆகியவை நகையை விற்ற காசு மாதிரி. வரும்போது கை நிறையும். அந்த நகை திரும்ப வராது. ஆனால் அரசு ஊழியர் சம்பளம், கால்வாய் தூர்வாருவது, முதியோருக்கு ஆண்டுதோறும் தரும் உதவித்தொகை, 28 தமிழ்ப்பள்ளிகளுக்கான மானியம் எல்லாம் ஒவ்வோர் ஆண்டும் வரும் செலவு. சம்பளத்தில் நடக்க வேண்டிய அரிசி பருப்புச் செலவை நகை விற்ற காசில் எத்தனை நாள் ஓட்டலாம் என்று எந்த வீட்டுப் பெண்ணிடம் கேட்டாலும் சொல்லிவிடுவாள்.

அண்மை ஆண்டுகளில் நீங்கள் நிறைவேற்றும் செலவுத் திட்டம் 1 பில்லியன் ரிங்கிட்டைத் தாண்டுகிறது. எதிர்பார்க்கும் வருமானமோ ஏறக்குறைய அதில் பாதி. மீதியைச் சேமிப்பிலிருந்து ஈடுகட்டுவோம் என்கிறது பட்ஜெட். இங்கிருந்து வசூலாகும் வரியில் 20 விழுக்காட்டை மத்திய அரசு திருப்பித் தர வேண்டும் என்று முதலமைச்சர் சாவ் கொன் இயோவ் கேட்டு வருகிறார். கேட்பது நியாயம்தான், நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வராத அரிசியை நம்பி உலை வைக்க முடியாது. கடன் வாங்கி ஓட்டவும் வழி குறுகல். அரசியலமைப்பின் 111ஆவது விதிப்படி மாநிலம் மத்திய அரசிடம் கடன் வாங்கலாம். இல்லாவிட்டால் மத்திய அரசு ஒப்புக்கொண்ட வங்கியிடமோ நிதி அமைப்பிடமோ ஐந்து ஆண்டுக்கு மேற்படாமல் வாங்கலாம். அவ்வளவுதான். அதனால் சேமிப்பைக் கவனமாகத் தொட வேண்டும் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. சொல்லப்போனால் அவர்கள் கட்சிதான் நான்.

என் சண்டை வேறு இடத்தில். நவம்பரில் நீங்கள் அறிவிக்கும் பற்றாக்குறை ஒரு மதிப்பீடு. ஆண்டு முடிந்து கணக்கை மூடும்போது வருவது வேறொரு எண். பிரிமியம் எதிர்பார்த்ததைவிடக் கூட வந்திருக்கலாம், துறைகள் ஒதுக்கிய பணத்தைச் செலவு செய்யாமலும் விட்டிருக்கலாம். பற்றாக்குறை நினைத்ததைவிடக் குறைவு என்று வந்தால் கைதட்டத்தான் எல்லாருக்கும் தோன்றும். அது வருமானம் கூடியதால் குறைந்ததா, செய்ய வேண்டிய வேலையைச் செய்யாமல் விட்டதால் குறைந்ததா? எங்கள் பள்ளியில் 64 பெண் பிள்ளைகளுக்கு மூன்று கழிவறை. ஒன்றின் தொட்டி உடைந்து பூட்டிக் கிடக்கிறது, இன்னொன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஐந்தாம் ஆண்டில் ஒரு பிள்ளை பாட்டிலில் கொண்டு வரும் தண்ணீரை அப்படியே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டு போகிறாள் என்று அவள் அம்மா வந்து சொன்னார். ஏன் குடிக்கவில்லை என்று கேட்டால், பள்ளியில் கழிவறைக்குப் போக வேண்டியிருக்கும் என்றாளாம். அந்தப் பழுதைச் சரிசெய்யாமல் விட்ட பணமும் டிசம்பர் 31இல் மிச்சமாகத்தான் கணக்கில் ஏறும். அதையும் சிக்கனம் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்பதுதான் என் பயம்.

சேமிப்பைச் சொல்லும் விதமும் எனக்குப் பிடிபடவில்லை. ஆளும் பக்கமாகட்டும், எதிர்ப்பக்கமாகட்டும், அதைப் பற்றிப் பேசும்போது ஒற்றை எண்தான் சொல்கிறார்கள். இத்தனை மில்லியன் இருந்தது, இத்தனை மில்லியன் ஆனது. எங்கள் பள்ளி ஆண்டுக் கூட்டத்தில் போன முறை நானும் அந்தத் தப்பைச் செய்தேன். வங்கியில் 61,400 வெள்ளி இருக்கிறது என்றேன். மண்டபமே கைதட்டியது. உடனே ஒரு தகப்பனார் எழுந்து, "அவ்வளவு இருக்கும்போது எங்களிடம் எதற்கு டியூஷன் காசு வாங்குறீங்க?" என்றார். நியாயமான கேள்வி. பிரித்துச் சொன்னேன். அதில் 40,000 புதிய மண்டபத்துக்கென்று நன்கொடையாளர்கள் தந்தது, வேறெதற்கும் தொட முடியாது. 9,800 ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் சுற்றுலாவுக்குக் கட்டியது, அது அவர்கள் காசு. 4,400 குத்தகைக்காரருக்குத் தர வேண்டியதில் பிடித்து வைத்த தொகை, வேலையில் குறை இல்லையென்றால் திருப்பித் தர வேண்டும். மீதி 7,200 மட்டும்தான் பள்ளி நினைத்தபடி செலவு செய்யக்கூடியது. தகப்பனார் உட்கார்ந்துவிட்டார். எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. முதலிலேயே அப்படிச் சொல்லியிருக்க வேண்டும்.

மாநிலத்துக்கும் அதே கதைதான், சுழியம்தான் கூட. 1957ஆம் ஆண்டு நிதி நடைமுறைச் சட்டம் அரசுப் பணம் சேரும் திரள்நிதியை மூன்று கணக்காகப் பிரிக்கிறது: வருவாய்க் கணக்கு, கடன் கணக்கு, அமானத்துக் கணக்கு. அமானத்தில் இருப்பது குறிப்பிட்ட காரியத்துக்கென்று கட்டிப்போட்ட பணமும், பிறர் நம்பி வைத்த பணமும். வங்கியில் இருக்கும் மொத்தத்தைச் சொல்லிப் பெருமைப்படுவதும், வருவாய்க் கணக்கின் மிச்சத்தை மட்டும் சொல்லிப் பயப்படுவதும் எளிது. எந்தக் கணக்கிலிருந்து பேசுகிறோம் என்று சொல்லாதவரை இரண்டு பக்கமும் உண்மை பேசிக்கொண்டே சண்டை போடலாம்.

போன நவம்பரில் பட்டர்வொர்த்திலிருந்து பெர்ரி ஏறி வந்து, லைட் ஸ்ட்ரீட்டில் உங்கள் அவையின் பார்வையாளர் பகுதியில் ஒரு நாள் உட்கார்ந்திருந்தேன். நோட்டுப் புத்தகமும் கொண்டு வந்திருந்தேன். வெள்ளம், தெருநாய், வாகன நிறுத்தம், ஒவ்வொருவரின் தொகுதிக் கால்வாய் என்று பேச்சு போனது. அவை சின்ன விஷயங்கள் என்று நான் சொல்லவில்லை, எங்கள் கழிவறையும் அந்த வரிசையில்தான் நிற்கிறது. ஆனால் இந்தச் சேமிப்பில் கைகட்டாத பணம், அதாவது எதற்கும் கட்டிப்போடாமல் செலவு செய்யக்கூடிய பணம், எவ்வளவு என்று நான் இருந்த நேரத்தில் யாரும் கேட்கவில்லை. நோட்டில் அந்தப் பக்கத்தைக் காலியாகவே கொண்டு போனேன்.

என் தங்கை கோலாலம்பூரில், செந்தூலில் இருக்கிறாள். 1974இல் கூட்டரசுப் பிரதேசமானதிலிருந்து அவர்களுக்குச் சட்டமன்றமே கிடையாது. நாடாளுமன்ற உறுப்பினர் உண்டு, ஆனால் நகரத்தின் வரவு செலவுக்கு ஒப்புதல் தர அவள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த அவை இல்லை. "உங்களுக்காவது கேட்க நாற்பது பேர் இருக்காங்களே அக்கா" என்று போனில் சொல்லிச் சிரித்தாள். அந்த நாற்பது பேருக்குத்தான் எழுதுகிறேன்.

தகவல் வேண்டுமென்றால் மனு போடலாமே என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். தகவல் சுதந்திரச் சட்டத்தை 2010இலேயே நிறைவேற்றி, 2015இல் நடப்புக்குக் கொண்டு வந்த மாநிலம் இது. சிலாங்கூரோடு சேர்த்து நாட்டில் அதற்கு வழிகாட்டியவர்கள் நீங்கள், அந்தப் பெருமையை யாரும் பறிக்க முடியாது. ஆனால் மக்கள் பணத்தின் சேமிப்பு எப்படிப் பிரிந்திருக்கிறது என்பதை ஒரு குடிமகள் பாரம் நிரப்பி, கட்டணம் கட்டி, காத்திருந்தா தெரிந்துகொள்ள வேண்டும்? பட்ஜெட் உரையின் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டிய விவரம் அது.

ஆகவே நான் கேட்பது இவை.

வரும் நவம்பர் கூட்டத்தில், வரவு செலவு மசோதாவோடு சேர்த்து ஒரே ஒரு பக்கத் தாளை அவையில் வையுங்கள். மாநிலத்திடம் ரொக்கமாகவும் வைப்புத்தொகையாகவும் இருப்பது எவ்வளவு, அதில் பிறர் பணம் எவ்வளவு, குறிப்பிட்ட காரியத்துக்கென்று கட்டிப்போட்டது எவ்வளவு, கைகட்டாமல் இருப்பது எவ்வளவு, வைப்புத்தொகைகள் எந்தெந்த மாதம் முதிர்கின்றன. மலாயோடு தமிழிலும் சீனத்திலும் ஆங்கிலத்திலும் அச்சிடுங்கள். ஒரு பக்கம்தான். மொழிபெயர்க்க ஆள் இல்லை என்றால் எங்கள் பள்ளி ஆசிரியர்கள் இலவசமாகச் செய்து தருவார்கள், நான் கேட்டுவிட்டேன்.

ஆண்டின் நடுவில் கூடும்போது, ஜூன் வரை எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்பதை மதிப்பீட்டுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஆண்டு முடிந்த பின் பற்றாக்குறை குறைந்திருந்தால், வருமானம் கூடியதால் எவ்வளவு, செலவு செய்யாமல் விட்டதால் எவ்வளவு என்று இரண்டு வரியாகப் பிரிக்கச் சொல்லுங்கள். அந்த இரண்டாவது வரியில் எந்தெந்த வேலைகள் நின்று போயின என்பதைக் கணக்காய்வுத் தலைவரின் அறிக்கை வரும்வரை காத்திருக்காமல் உங்கள் பொதுக் கணக்குக் குழுவே துறைத் தலைவர்களைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.

நிலம் விற்ற பணம், பிரிமியம் போன்ற ஒருமுறை வருமானத்தை அன்றாடச் செலவிலிருந்து பிரித்து வையுங்கள். 2023இல் நாடாளுமன்றம் பொது நிதி மற்றும் நிதிப் பொறுப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அது மத்திய அரசின் கையைக் கட்டுவது. அதே மாதிரி ஒன்றை இந்த மாநிலத்துக்கும் கொண்டு வாருங்கள். சேமிப்பு ஆறு மாத நிர்வாகச் செலவுக்குக் கீழே போகக் கூடாது, போக வேண்டிய நிலை வந்தால் தனித் தீர்மானமாக அவைக்கு வந்து, பெயர் சொல்லி வாக்களிக்க வேண்டும் என்று அதில் எழுதுங்கள். ஆறு மாதம் என்பது என் கணக்கு. உங்கள் நிதி அதிகாரிகளுக்கு வேறு எண் சரியென்று பட்டால் அதையே வையுங்கள், ஆனால் ஓர் எண் இருக்கட்டும்.

பள்ளி, கோயில், சமூக அமைப்புகளுக்கு ஒப்புதலான சிறு மானியங்களை ஏப்ரல் முடிவுக்குள் பாதி, ஆகஸ்டுக்குள் மீதி என்று கொடுத்து முடிக்க உத்தரவிடுங்கள். வேலை முடியாமல் டிசம்பர் வந்துவிட்டால் பணம் காலாவதியாகாமல் இருக்க, அதற்கென்று ஓர் அமானத்து நிதியைத் தீர்மானம் போட்டு உருவாக்குங்கள். அதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது, பயன்படுத்தத்தான் ஆள் வேண்டும். மாதிரிக் காசோலை விழாவை நிறுத்தச் சொல்லவில்லை. பணம் கணக்கில் ஏறிய பிறகு அந்த விழாவை வையுங்கள், நாங்களே மாலை வாங்கி வருகிறோம்.

முகப்பில் யாருக்காவது 'காசு இல்லை' என்று சொல்ல வேண்டியிருந்தால், எந்த வோட்டு, எவ்வளவு ஒதுக்கியது, எவ்வளவு மீதம், ஏன் தர முடியவில்லை என்று அரைப் பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரும்படி எல்லாத் துறைகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பச் செய்யுங்கள். எங்கள் கழிவறை மனுவுக்கும் அப்படி ஒரு பதிலை 30 நாளுக்குள் எதிர்பார்க்கிறேன். மனுவின் நகல், விலைக் குறிப்பு மூன்று, பூட்டிக் கிடக்கும் கதவின் படம் எல்லாம் எங்கள் தொகுதி உறுப்பினரின் சேவை மையத்தில் இந்த வாரம் கொடுத்துவிட்டேன். முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்கள்.

பள்ளியின் பெயரை இங்கே எழுதாததற்கு மன்னிக்கவும். அடுத்த ஆண்டும் நாங்கள் மனு போட வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு தமிழ்ப்பள்ளி வாரியப் பொருளாளர்,
செபராங் பிறை